சத்தமில்லாமல் கூப்பிடுகிறேன்

என் வீட்டு மகாராணிக்கு,

உன் கணவன் எழுதுவது. நான் நலம். மகள் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய். கடிதத்தைப் பார்த்ததும், கிழவன் யாரை வைத்து எழுதினான் என்று கேட்பாய். சத்தியமாக நானேதான். பெயின்ட் கடை மாடியில் மாலை வகுப்புக்குப் போகிறேன். பிரஷ் பிடித்த கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. இந்த நாலு வரிக்கே டீ ஆறிவிட்டது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊரையெல்லாம் சத்தமாகப் படிக்கிறேன். “தாத்தா, என் வேலையையும் நீங்களே பாத்துக்கறீங்களா?” என்று கேட்கிறான் கண்டக்டர்.

நேற்று டீச்சர் ‘மீட்பது’ என்று எழுதிப்போட்டார். நம் கையைவிட்டுப் போனதைத் திரும்ப நம்முடையதாக்கிக்கொள்வதாம். புதிதாக வாங்குவதற்கு அப்படிச் சொல்லக் கூடாது, முன்பே நம்மிடம் இருந்திருக்க வேண்டுமாம். ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். போலீஸ் கொண்டுபோன வண்டியை மீட்டேன் என்றார் ஆட்டோக்காரர். கேன்டீன் சமையல்காரம்மா, கிணற்றில் விழுந்த வாளியை மீட்டேன் என்றதும் வகுப்பே சிரித்தது. என் முறை வந்தது. “இனிமே அம்மாவுக்குக் காது கேக்காதுங்க, மீட்க வழியில்ல” என்று உன் காதைப் பார்த்த டாக்டர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வந்துவிட்டேன்.

மகள் போனில் சொன்னாள். “உங்கப்பா எப்பப் பாரு கடுகடுன்னு திட்டுறாரு, நான் அவருக்குப் பாரமாயிட்டேன்” என்று அழுதாயாமே. அடி பைத்தியமே, நான் எங்கே திட்டினேன்? உனக்குக் கேட்கட்டும் என்று கத்தினேன். கண்ணாடி முன் நின்று, “சாப்பிட்டியா?” என்று கத்திப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். நீ கிளம்பிய அன்று வாசலில் கத்தியதும் திட்டு இல்லை. போகாதே என்றுதான் கத்தினேன்.

உன்னைத் தன்னோடேயே வைத்துக்கொள்வதாக மாப்பிள்ளை சொல்கிறார். தங்கமான மனுஷன். ஆனால் இங்கே ரேடியோவைப் பேசவிட்டுத்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரும்பலகை பெயின்ட் அடித்திருக்கிறேன். இனி கத்த மாட்டேன். நீ வாயால் பேசு, நான் சாக்பீஸால் பதில் சொல்கிறேன். நான் ஒரு சொல் எழுதி முடிப்பதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடலாம். சண்டையில் எப்போதும் உனக்குத்தான் வெற்றி.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. மாத்திரையை மறக்காதே. மகளிடம் சொல்லி டிக்கெட் எடு. என்னைத் திட்டுவதற்காவது வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்