நின்ற இடத்தில் ஓடிய கார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். கார்தான் நலமில்லாமல் கிடந்து இப்போது தேறியிருக்கிறது. வழக்கம்போல் போனில் பேசி அனுப்பாமல் இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று யோசிப்பாய். பேசி அனுப்பினால் உன் அப்பா கேட்டுவிடுவார். எப்படிக் கேட்பார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ வாங்கிக் கொடுத்த கார் போன மாதம் நடுரோட்டில் நின்றுவிட்டது. உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார். சந்தைக்குப் போகும் வழியில், சிக்னல் தாண்டியதும், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். அப்புறம் ஒரே அமைதி. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தே எங்கள் காதைப் பிய்த்துவிட்டார். காரை இழுத்துப் போக வண்டி வந்தது. அதில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்ட அப்பா, ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகிறவர் மாதிரி வழிநெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார்.

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத கார், நாள் தவறாமல் சர்வீஸ் விட்ட கார். வாரண்டி இருக்கிறது என்று நான் தெம்பாகத்தான் இருந்தேன். சர்வீஸ் சென்டர் மேலாளர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர், கம்ப்யூட்டரைக் காரில் செருகிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. கார் போன தூரம் கொஞ்சமாம், எஞ்சின் ஓடிய நேரமோ எக்கச்சக்கமாம். அவ்வளவு நேரம் ஓடியிருந்தால் நாட்டையே சுற்றி வந்திருக்க வேண்டுமாம். "மீட்டரைக் குறைச்சிருக்கீங்க சார். வாரண்டி செல்லாது" என்று முடித்துவிட்டார்.

யாரைப் பார்த்துச் சொன்னார் பார். ஊர்க் கடைகளின் தராசையெல்லாம் சோதித்து, எடைக்கல்லில் கைவைத்தவர்களைக் கிடுகிடுக்க வைத்துவிட்டு ஓய்வு பெற்ற மனுஷனை. அப்பா அந்த இடத்தையே இரண்டாக்குவார் என்று நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரோ தலையைக் குனிந்து, "விடு, நம்ம செலவுலயே பாத்துக்கலாம்" என்றார். நான் நூலகத்துக்கு வேலைக்குப் போன பிறகு இந்த மனிதர் காரை வாடகைக்கு விட்டு, மீட்டரிலும் கை வைத்துவிட்டாரோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். கடைசியில் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று, ஃப்ரிட்ஜிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

நான் வேலைக்குக் கிளம்பியதும் வாசலில் நிற்கும் காரில் போய் உட்கார்ந்துகொள்வாராம். நீ எனக்குப் பேசி அனுப்புகிறாயே, அதையெல்லாம் நான் குளிக்கும்போது தன் போனுக்கு மாற்றி வைத்திருக்கிறார். காரின் ஸ்பீக்கரில் போட்டால் நீ பக்கத்து சீட்டில் இருந்து பேசுவது போல இருக்கிறதாம். எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று காரைக் கொடுத்த அன்றைக்கு விற்பனைப் பையன் போகிற போக்கில் சொல்லியிருக்கிறான். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, ஓர் அங்குலம் நகராமல் காலையெல்லாம் எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார். உங்க வீட்டுக்காரர் கார்ல உக்காந்து தனியா சிரிக்கிறாரே என்று எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா ஒருமுறை கேட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் அவர் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.

இதை மேலாளரிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். மீட்டர் திருடன் என்ற பேர் பரவாயில்லை, பெற்ற பெண் குரலைக் கேட்டதுதான் வெட்கமா என்று கேட்டேன். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தது, கொஞ்சம் சிரிப்பும்.

மறுநாள் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் ஒன்றுதான் கேட்டேன். எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்கிற மெஷினிடம், சக்கரம் எவ்வளவு நேரம் சுற்றியது என்றும் கேளுங்கள் என்றேன். அரைமனதாகத் தட்டிப் பார்த்தார். ஓடிய நேரத்தில் முக்கால்வாசி கார் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. மீட்டரில் யாரும் கை வைக்கவில்லை. "நிக்கிற வண்டிய எதுக்கு சார் ஓட விட்டீங்க?" என்றார் குழம்பிப்போய்.

அப்பா காரைத் திறந்து உட்கார்ந்தார். போனை அமுக்கினார். பட்டறை முழுக்க உன் குரல். "அம்மா, உன் வீட்டுக்காரர் காரை ஓட்டுறாரா, இல்ல துடைச்சுத் துடைச்சே பெயின்ட்டைக் கரைக்கிறாரா?" மெக்கானிக்குகள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். பிறகு, தன் அப்பாவுக்குப் போன் செய்து வெகுநாள் ஆகிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அதற்கப்புறம்தான் எஞ்சினைப் பிரித்தார்கள். ஆயில் பம்ப் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கோளாறாம். கம்பெனி செலவிலேயே புது எஞ்சின் போட்டு நேற்று கொண்டுவந்து விட்டார்கள். பாட்டுக் கேட்க எஞ்சின் தேவையில்லை, கொஞ்ச நேரம் கேட்டால் பேட்டரி ஒன்றும் ஆகாது என்று மேலாளர் அப்பாவுக்குத் தனியாக வகுப்பு எடுத்திருக்கிறார்.

மகளே, ஒரே ஒரு வேண்டுகோள். நீ அனுப்புவதெல்லாம் 'அம்மா' என்றுதான் ஆரம்பிக்கிறது. போனில் கூப்பிட்டாலும் 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு என் கையில் திணித்துவிடுகிறவருக்கு நீ என்னதான் பேசுவாய், அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும், அவர் போனுக்கு, 'அப்பா' என்று ஆரம்பித்து ஒன்று அனுப்பு. மழை பெய்கிறது, பஸ் லேட் என்று எதையாவது சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

பதில் வராது. அதற்காக வருத்தப்படாதே. கார்க் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு அவர் உள்ளே இருப்பார். பக்கத்து சீட்டைக் காலியாகத்தான் வைத்திருக்கிறார், என் கைப்பையைக்கூட அதில் வைக்க விடுவதில்லை.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா