உனக்குத் தெரியாமல் போட்ட கையெழுத்து

நேற்று மண்டி முகல்லாவில் ஒரு குறுக்குத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, வாசனை ஏற்றாத ஊதுபத்தியின் மணம் வந்தது. கரித்தூளும் பசையும் தண்ணீரில் குழைந்த அந்த ஈர மணம் எனக்கு உன் விரல்களின் மணம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். நீ இருந்த நாளில் உன்னைப் பாராட்டி நான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நம் குடும்பம் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மேட்டகள்ளியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. பேங்க் கடனில் கட்டிய மூன்று அறை வீடு. பத்திரம் பேங்கில். ஸ்கூலுக்குப் போகும் இரண்டு பெண்கள். நான் தினமும் துடைத்து வைக்கும் ஸ்கூட்டர். உனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கூட வேலை பார்த்த சிவண்ணா தொழிலாளர் சொசைட்டியில் கடன் வாங்கியபோது நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒரு நாள் அவன் வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். சொசைட்டி என் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தது. உன் கையில் வழக்கமான பணத்தைக் கொடுக்க வேண்டுமே என்று வட்டிக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கினேன். அந்த வட்டியைக் கட்ட வீட்டுத் தவணையை நிறுத்தினேன்.

பேங்கிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்த அன்று எனக்கு முதல் ஷிப்ட். மதியம் வீடு திரும்பினால் மேசைமேல் பிரித்த கடிதம் இருந்தது. நீ காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாய்.

“ஏனுங்க, எத்தனை மாசமா கட்டலை?”

“ரெண்டு மாசம்.”

“இதுல நாலுன்னு போட்டிருக்குதுங்க.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நீ அழுவாய், கத்துவாய் என்று பயந்தேன். பெண்ணின் பழைய நோட்டை எடுத்து, “எல்லாத்தையும் சொல்லுங்க. அஞ்சு ரூபா கைமாத்தா இருந்தாலும் சொல்லுங்க. பாதி தெரிஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றாய். சொல்லி முடித்தேன் என்று நினைத்தபோது நீ பேனாவை மூடவில்லை. சைக்கிள் கடைக்காரரிடம் வாங்கியதும் அப்புறம்தான் வாயிலிருந்து வந்தது.

வீடு போய்விடும், முதலில் பேங்குக்குக் கட்டிவிடலாம் என்றேன். நீ தலையாட்டவில்லை. “பேங்க்காரங்க வட்டி நடக்குது. இந்த ஆளு வட்டி ஓடுது. ஓடறதை முதல்ல நிறுத்தோணும். பேங்குக்கு நேர்ல போய்ப் பேசலாம்” என்றாய். அடுத்த வாரம் ஸ்கூட்டரை விற்றோம். வட்டிக்காரர் கணக்கு தீர்ந்தது. அன்றிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போனேன். உன்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது, இப்போது சொல்வதில் என்ன.

பேங்க் மேனேஜர் முன்னால் நான் கைகட்டி நின்றேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். நீ பிறந்து வளர்ந்த கௌதள்ளியில் ஸ்கூலில் படித்த உன் கன்னடம் அங்கே எழுந்து நின்றது. “நமகெ ஸ்வல்ப டைம் கொடி, சார்” என்று அவகாசம் கேட்டுவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து இவ்வளவு கட்ட முடியும், இதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும் என்றாய். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். வருஷத்தைக் கூட்டித் தவணையைக் குறைக்க எழுதிப் போடுகிறேன் என்றார். வீட்டுக்கடன் வட்டிக்குச் சர்ட்டிபிகேட் வாங்கி ஆபீசில் கொடுத்தால் வரி கொஞ்சம் குறையுமே, கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நீ அதையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தாய்.

எனக்கு ஆத்திரமெல்லாம் சிவண்ணாமேல். அவன் மனைவி ரத்னம்மாவிடம் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று குதித்தேன். “நானும் வாறேன்” என்று கிளம்பினாய். ஒற்றை அறை வீடு அது. தரையில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கரிக்கையோடு எழுந்து நின்றாள். புருஷன் கடன் வாங்கியதே சொசைட்டி ஆள் வந்த பிறகுதான் தெரியும் என்றாள். நான் வாசலுக்குத் திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் நீ சொன்னாய்: “அவளுக்குத் தெரியாம அவரு வாங்கினாரு. எனக்குத் தெரியாம நீங்க கையெழுத்துப் போட்டீங்க. அவளும் நானும் ஒண்ணுதானுங்க.” அன்று முழுவதும் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்னறையை வாடகைக்கு விட்டோம். நாம் நால்வரும் சமையலறையிலும் பின்னறையிலும் ஒடுங்கினோம். நீ ரத்னம்மாவிடமே ஊதுபத்தி உருட்டக் கற்றுக்கொண்டாய். நம் பின்வாசலில் இருவரும் பலகையை மடிமேல் வைத்துக்கொண்டு பேசிப் பேசி உருட்டுவீர்கள். முதல் கூலி வந்ததும் அவள் தன் பணத்தை உன் முன்னால் வைத்து, அவர் கடனுக்கு என்றாள். நீ அதை அவள் முந்தானையிலேயே முடிந்துவிட்டாய். “பையனுக்கு ஃபீஸ் கட்டு. நீ கையெழுத்துப் போடலையே” என்றாய். அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருந்தது என் சம்பளம். அதிலும் உனக்குச் சேர வேண்டியது இருந்தது. ஆனாலும் அப்படிச் சொல்ல உனக்கு மனம் இருந்தது.

சொசைட்டிக் கடன் இரண்டு வருஷத்தில் முடிந்தது. வீட்டுக்கடனுக்கு இன்னும் பல வருஷம் ஆனது. பத்திரம் கைக்கு வந்த அன்று நீ பேங்க் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாய். முடித்ததும், “மசால் தோசை வாங்கித் தாங்க” என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். போன வருஷம் நீயும் போய்விட்டாய்.

சென்ற மாதம் டெபாசிட் புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று விரலை வைத்துக் காட்டினாள். நான் படிவத்தை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். பின்னால் வரிசை நின்றது. “யாருக்கு சார் படிக்கிறீங்க?” என்று கன்னடத்தில் கேட்டாள்.

“வீட்டுல சொல்லணும்மா” என்றேன்.