நெல் பூக்கையில் மக்கர் பண்ணிய லாரி

மார்கழி, புதன் இரவு.

எங்கள் நெல் பூத்திருக்கிறது. நெற்பூ காலையில் திறந்து உச்சிப்பொழுதுக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் நாங்களே வயலில் இறங்க மாட்டோம். கல்குவாரி லாரிகளுக்கு அந்த மரியாதை ஏது? அவை கிளப்பும் தூசு பூவில் படிந்தால் கதிரெல்லாம் பதர்தான். மனுக் கொடுத்து அலுத்துவிட்டது. இன்று வண்டிப்பாதையின் குறுக்கே போய் நின்றேன். முதலில் வந்த லாரியை ஓட்டியவன் என் அண்ணன்.

"ஏத்திட்டுப் போகவாடா?" என்று கத்தினான்.

"ஏத்துண்ணே. வயலுக்குச் செய்யுறத எனக்கும் செஞ்சிட்டுப் போ."

முறைத்தான். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, குவாரி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "வண்டி மக்கர் பண்ணுதுண்ணே" என்றான். ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். ஒற்றைப் பாதை. பின்னால் லாரிகள் நின்று ஹாரன் அடித்தன. விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். அவன் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. கிறுக்குப் பயல். வெயில் ஏறியதும் அடியிலிருந்தே, "பூ மூடிருச்சாடா?" என்று கேட்டான்.

இப்போது என் பக்கத்தில் படுத்திருக்கிறான். இன்னும் சில நாள் பூக்குமே, தினமும் மக்கர் என்றால் நம்புவார்களா என்று கேட்டேன்.

"நாளைக்கு எனக்கு ஏன்டா மக்கர் பண்ணணும்? பின்னால வந்த சேகரு வண்டி பண்ணும். அவன் வயலும் பூத்துத்தான கெடக்கு."