நாலு ஓடுது, நாலு தூங்குது

லாத்தா, நேற்று பழைய சர்வர் அறையைக் காலி செய்தார்கள். இரும்பு பீரோவைச் சுவரை விட்டு நகர்த்தும்போது, மேலிருந்து உன் பழுப்பு ஸ்வெட்டர் பொத்தென்று விழுந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்து, "இது யாருதுங்க மேடம்? பெரம்பலூர்ல ஸ்வெட்டர் போடுற ஆளும் இருக்காங்களா?" என்று கேட்டார். வெளியே தார் உருகுகிற வெயில். நான் பதில் சொல்லாமல் கையில் வாங்கிக்கொண்டேன். அத்தரும் அந்துருண்டையும் கலந்த உன் வாசனை இன்னும் அதில் இருந்தது. அதை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பவள்போல வெளியே வந்துவிட்டேன்.

விமானத்தில் குளிருகிறது என்று உன் வீட்டுக்காரர் வாங்கியது அது. ஒருமுறை போட்டுவிட்டு லப்பைக்குடிக்காட்டு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாராம். "ப்ளைட் ஏறுறது மச்சான், குளிரு எனக்கு" என்று சொல்லி நீ அதை, நாள் முழுக்க ஏசி ஓடுகிற சர்வர் அறைக்குக் கொண்டுவந்தாய். அவர் அளவுக்கு எடுத்தது. கை இரண்டும் உன் விரல்களைத் தாண்டித் தொங்கும். அந்தக் கோலத்தில் நீ கீபோர்டு தட்டுவதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்கு, இன்றைக்கும் வட்டியோடு அழலாம்.

நம் ஆஸ்பத்திரியில் மெஷின்கள் உன் பொறுப்பு, மெஷினுக்குள் ஓடுகிற மென்பொருள் என் பொறுப்பு. டோக்கன், ரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை எல்லாம் நான் எழுதிய மென்பொருளில், ஒரே டேட்டாபேஸில் போய் விழும். உன் தம்பி போனில் அக்கா என்பதற்கு லாத்தா என்று உன்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். "ஆண்டிமடத்துல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கறது எங்க அத்தாவுக்கே தெரியாது" என்றாய். அத்தனை ஒட்டு இருந்தும், ஏதாவது நின்றுபோனால் நாமும் சண்டை போட்டவர்கள்தான். நம் தொழிலில் அதற்கென்றே ஒரு மந்திரம் உண்டு: 'எங்க சைடு கிளியர்.' எது கெட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். முந்திக்கொண்டவருக்குப் பாதி ஜெயம். பிந்தியவர் தலையில் பழி.

அந்த மாதம் பிந்தியவள் நான். காலையில் வெளிநோயாளிகள் வந்து குவிகிற நேரத்தில் டேட்டாபேஸ் நகராது. டோக்கன் போடுகிற பெண் ஒரு பெயரை அடித்துவிட்டு, அது பதிவாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தா.பழூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பெரியவர் ஒருவர் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்து, "ஏம்மா, அந்தப் பொட்டி இன்னும் எந்திரிக்கலியா? நானே எந்திரிச்சு வந்துட்டேனே" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நம்மிடம் இருந்த நிஜ மெஷின் ஒன்றுதான். ஒரு கூடத்தில் தடுப்பு வைத்து அறை பிரிப்பதுபோல, நீ அதை மென்பொருளாலேயே பல மெஷின்களாகப் பிரித்து வைத்திருந்தாய். எந்த மெஷினுக்கு எத்தனை ப்ராசஸர் என்று நீ திரையில் எழுதினால் அதுதான் சட்டம். டேட்டாபேஸ் மெஷினுக்கு நாலு கொடுத்திருந்தாய். போதவில்லை என்று நான் தினமும் நச்சரித்தேன். "நீயும் உன் டேட்டாபேஸும்" என்று முணுமுணுத்தபடி எட்டாக்கினாய். மறுநாள் காலையிலும் பெட்டி எழுந்திருக்கவில்லை. துளி வித்தியாசம் கிடையாது.

அதுதான் எனக்கு வினையாகிப் போனது. மேனேஜர் உன் திரையைப் பார்த்தார். ப்ராசஸர் பயன்பாடு ஐம்பது சதவீதம் என்று இருந்தது. "மெஷின டபுளாக்கியாச்சு. அதுவும் பாதி சும்மா கெடக்கு. அப்ப இந்தம்மா எழுதுனதுதான் சரியில்ல" என்றார். அவர் கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. எனக்கே அப்படித்தான் தோன்றியது. வெளியிலிருந்து வேறு மென்பொருள் வாங்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அது வந்தால் எனக்கு அங்கே நாற்காலி இல்லை. அடுத்தவர் முந்திரிக் காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்கிய அம்மாவை, 'இனி போகவேண்டாம்' என்று நிறுத்திவிட்டு வந்தவள் நான். எங்கள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. முடிவெடுக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை என்றார்கள்.

நீ அப்போதே 'எங்க சைடு கிளியர்' என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது சதவீதம் உன் பக்கம் சாட்சி நின்றது. நீயோ வியாழக்கிழமை காலையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாய். "சராசரிய நம்பாத புள்ள. எங்க வூட்டுல எட்டு பேரு. சராசரி பாத்தா எல்லாரும்தான் வேலை செய்யறோம். உள்ள வந்து பாத்தாத்தானே தெரியும், யாரு அடுப்படியில நிக்கறா, யாரு டிவி முன்னாடி உக்காந்திருக்கான்னு" என்று சொல்லிக்கொண்டே, மொத்தமாகக் காட்டிய படத்தை மாற்றி ஒவ்வொரு ப்ராசஸரையும் தனித்தனிக் கட்டமாகத் திறந்தாய்.

எட்டுக் கட்டம். நாலு கட்டத்தில் பச்சைக் கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. மற்ற நாலில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. "அடியாத்தி. நாலு ஓடுது, நாலு தூங்குது" என்றாய்.

எட்டைக் கொடுத்தும் நாலைத்தான் ஓட்டத் தெரிகிறது என்றால், அது என் மென்பொருளின் லட்சணம் என்றுதானே யாரும் சொல்வார்கள்? 'உன் கண்ணுக்கு எத்தனை தெரிகிறது?' என்று டேட்டாபேஸையே கேட்டுப் பார்த்தேன். எட்டு இருக்கிறது, நாலைத்தான் தொடுவேன், லைசன்ஸ் அவ்வளவுதான் என்று பதில் வந்தது. நாம் வாங்கியது நடுத்தரமான லைசன்ஸ். தாய்ப்பலகையில் ப்ராசஸர் செருகுகிற இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். அந்த லைசன்ஸ் நாலு சாக்கெட்டுக்கு மேல் போகாது. ஒரு சாக்கெட்டுக்குள் பல ப்ராசஸர் இருந்தால் அதற்கு ஆட்சேபணை இல்லை.

எட்டு என்று நீ எழுதிய அந்தப் பக்கத்தைத் திறந்தாய். சாக்கெட் எட்டு, ஒவ்வொன்றிலும் ப்ராசஸர் ஒன்று என்று இருந்தது. தொங்கிய கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டாய். பிறகு மெதுவாக, "இது என்னுது புள்ள" என்றாய்.

எனக்கு உயிர் வந்தது. கூடவே பயமும் வந்தது. "விடு லாத்தா. சத்தமில்லாம மாத்திரு. நாளைக்கு வேகமா ஓடுனா யாரு கேக்கப் போறா?" என்றேன். நீ தலையை ஆட்டினாய். "மெஷினு சரியாயிடும். உன் மேல வச்ச பேச்சு அப்புடியே நிக்குமே" என்றாய். கூட்டம் முடிகிறவரை எதையும் தொடக்கூடாது, இருக்கிற கோலத்திலேயே காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டாய்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்த எட்டுக் கட்டத்தையும் போட்டுக் காட்டினாய். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்குமுன், "அது என்னுதுங்க சார்" என்றாய். அங்கே யாரும் அதுவரை கேட்டிராத வாக்கியம் அது.

"எட்டு பேருக்கு எட்டு வூடு கட்டி வுட்டுட்டேன் சார், வூட்டுக்கு ஒரு ரூமுன்னு. இந்த சாஃப்ட்வேரு நாலு வூட்டுக்கு மேல கதவத் தட்டாது. மிச்சம் நாலும் பூட்டியே கெடக்கு, எங்க ஊரு மாதிரி. ரெண்டே வூடு கட்டி, வூட்டுக்கு நாலு ரூம் வச்சிருக்கணும். அவ எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல" என்றாய். வளைகுடாப் பணத்தில் கட்டிப் பூட்டிப் போட்ட உங்கள் ஊர் மாளிகைகளை நினைத்து ஒருவர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அன்று பிற்பகலே நீ மெஷினை நிறுத்தி, சாக்கெட் இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு என்று மாற்றி எழுதினாய். மறுநாள் காலையில் எட்டுக் கட்டத்திலும் கோடு சமமாக, பாதி உயரத்தில் ஓடியது. டோக்கன் கவுண்டரில் வரிசை மளமளவென்று கரைந்தது. என் நாற்காலி எனக்கே இருந்தது.

உன்னைத்தான் அரியலூர் கிளைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, 'அங்க ஆள் வேணும்' என்றார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டு தினம் போய்வந்தாய். ஒருநாள் மனசு பொறுக்காமல், "என்னாலதானே லாத்தா" என்று போனில் அழுதேன். "உன்னால என்ன? தப்பு என்னுது, பஸ்ஸும் என்னுது. ஜன்னலோரம் சீட்டு கெடைக்குது, போ" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. நான் எடுத்தாலும் விடமாட்டாய்.

அரியலூரிலிருந்து நீ திரும்பி வந்த பிறகு நமக்குக் கிடைத்த காலம் கொஞ்சம்தான். உன் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்ற முடிவும் நம் டேட்டாபேஸ் வழியாகத்தான் வந்தது. கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியது எனக்குத் தெரியும். நினைத்தால் ஒரு நொடியில் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அது உன்னுது. நீயே வந்து சொன்னாய், ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டே. "துஆ செய்யி. உன் சாமிகிட்டயும் சொல்லி வை. ரெண்டு சைடும் பாக்கட்டும்" என்று சிரித்தாய். நான் இரண்டு பக்கமும் வேண்டினேன், லாத்தா. நீ போன அன்று உன் மவுத்துக்கு வந்தபோது உன் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டிமடத்துப் புள்ளையா? உக்காரு" என்று பெண்களுக்கு நடுவில் இடம் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து அழுதேன். அந்த வீட்டில் அடுப்படியில் நின்றது யார் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது இன்றைய கதைக்கு வருகிறேன். புதிய கட்டடத்தில் புதிய சர்வர் வந்திருக்கிறது. திருச்சிக்காரர் ஒருவர் அமைத்துக் கொடுத்தார். வந்த வாரத்திலேயே அதே சீக்கு. பதினாறு கட்டத்தில் நாலு முட்டிக்கொண்டு நிற்கிறது, பன்னிரண்டு தூங்குகிறது. பார்த்ததும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? 'எங்க சைடு கிளியர்.' திருச்சிக்காரர் சாக்கெட்டைத் தப்பாகப் போட்டிருப்பார் என்று மேனேஜரிடம் சொல்லியும்விட்டேன். இவர் புதிய மேனேஜர், கோபக்காரர். அந்த ஆளுக்குத் தரவேண்டிய அடுத்த வேலையை நிறுத்திவிடலாம், இன்றைக்கு வரச்சொல்லிப் பேசிவிடுவோம் என்றார்.

நேற்று அந்த ஸ்வெட்டர் விழுந்திருக்காவிட்டால் நான் மறுபடி பார்த்திருக்கமாட்டேன். வெளியே வந்து உட்கார்ந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாக்கெட்டைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பிறகு டேட்டாபேஸைக் கேட்டேன். பழைய மெஷினில் ராத்திரி காப்பீட்டு அறிக்கைகள் ஓடுவதற்காக நாலு ப்ராசஸரை ஒதுக்கி, 'நீ முதல் நாலுக்குள்ளேயே இரு' என்று டேட்டாபேஸுக்கு நான் ஒரு வேலி போடுவேன், விடிந்ததும் எடுத்துவிடுவேன். புது மெஷினுக்கு அமைப்புகளை ஒரு ராத்திரியில் மொத்தமாகத் தூக்கிவந்தபோது அந்த வேலியும் கூடவே வந்திருக்கிறது. பதினாறு ஏக்கர் இருக்க, பாவம், நாலு ஏக்கருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மேய்ந்திருக்கிறது. ஒற்றை வரியில் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, எனக்கு நன்றிகூடச் சொல்வார்கள். கை கீபோர்டு வரை போனது. உன் குரல் கேட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அந்த மனிதர் மேல் நான் வைத்த பேச்சு அப்படியே நிற்குமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இன்று கூட்டத்தில் திருச்சிக்காரர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமியதும், "அது என்னுதுங்க சார்" என்றேன். வேலியைக் காட்டினேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்ன செய்வார் என்று இன்னும் தெரியாது. அரியலூரில் ஆள் வேண்டும் என்றால் போகவேண்டியதுதான், ஜன்னலோரம் சீட்டு கிடைக்கும். வெளியே வந்ததும் திருச்சிக்காரர் கையிலிருந்த காகிதக் கட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, "இதெல்லாம் எங்க சைடு கிளியர்னு காட்டக் கொண்டாந்தேன் மேடம். ராத்திரி சோறு எறங்கல" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பழைய அறைக்குப் போனேன். எல்லாம் போய்விட்டது. சாக்கும் கையுமாக எலக்ட்ரீஷியன் அண்ணன் மட்டும் நின்றிருந்தார். நாற்காலி முதுகில் கிடந்த ஸ்வெட்டரைத் தொட்டு, "இது யாருதுன்னு நேத்தே கேட்டேன், சொல்லலியே மேடம். கழிவுல போட்ரவா?" என்றார்.

"அது என்னுதுங்க" என்றேன்.

புதிய சர்வர் அறையில் குளிர் அதிகம், லாத்தா. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கை இரண்டும் எனக்கும் நீளம். முழங்கை வரை மடித்துவிட்டிருக்கிறேன்.