அப்பாவை எதிர்த்துத் தூக்கிய கை

அன்பு மகளே,

அப்பா சில நாளாக என்னோடு பேசவில்லை என்று தம்பி சொல்லியிருப்பான். இப்போது பேசுகிறார்.

அவர் முதன்முதலில் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தபோது, பிள்ளைக்கு வேலை கேட்டு நம் குடியிருப்புக்காரர்கள் வாசலில் கைகட்டி நின்றார்கள். இன்று அதே வீடுகளில் ஆளுக்கொரு கார். நிறுத்த இடமில்லையே என்று, நம் திடலில் கார் நிறுத்தும் மாடிக் கட்டடம் எழுப்பப் போவதாகக் குடியிருப்பாளர் கூட்டத்தில் அறிவித்தார்.

பக்கத்து வீட்டுக் கோகுலன் எழுந்து, சட்டமன்ற உறுப்பினரை அழைக்கும் மரியாதையோடே கேட்டான். "ஒய்பி, கார் எங்கயாவது நிக்கும்லா. புள்ளைங்க எங்க விளையாடும்?"

கட்டடம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். முன்வரிசையில் நானும்.

வீட்டுக்கு வந்ததும், "பொண்டாட்டியே எதிர்க்கட்சியா?" என்றார்.

"எதிர்க்கட்சி இல்லங்க. இங்க குடியிருக்கிறவ."

அதன் பிறகுதான் அந்த மௌனம்.

நேற்று மாலை டிரைவரை அனுப்பிவிட்டுத் தனியாக நடந்து போனார். வெகு நேரமாகியும் திரும்பாததால் தேடிப் போனேன். திடலில் பிள்ளைகள் அவரைக் கோல்கீப்பராக நிறுத்தியிருந்தார்கள்! "அங்கிள், பந்தைப் பாருங்கலா!" என்று ஒரு சிறுமி அதட்ட, சட்டையெல்லாம் சேற்றோடு விழுந்து விழுந்து சிரித்தார்.

என்னைக் கண்டதும் கத்தினார்: "கட்டடம் வேணாம்னு சொல்லிட்டேன். வா, ஆள் குறையுது!"

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன்.

மூட்டு வலியோடும் மகிழ்ச்சியோடும்,
அம்மா