வெர்னரின் காலுறையும் ஹோர்ஸ்டின் துண்டும்

என் பாசத்துக்குரிய சாமண்ணே,

நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. இந்தக் கோடையில் கால்பந்து உலகக் கோப்பை இங்கேயே நடந்து, இந்த ஜெர்மன்காரர்களே ஜெயித்தார்கள். எங்கள் வார்டில் கலர் டெலிவிஷன் கொண்டுவந்து வைத்தார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்டவர்கள்கூடக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். நான் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நம் ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பப்போகிறேன். செத்தவனைப் பற்றி நாலு பேர் படிக்கிற மாதிரி இப்படியா எழுதுவது என்று அம்மா கேட்பாள். கேட்கட்டும். நீ வாயைத் திறக்காமல் இருந்து இருந்து காரியம் எங்கே வந்து நிற்கிறது என்று எனக்குத்தான் தெரியும். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணே. அதை மறைத்துக்கொண்டு உனக்கு எழுத எனக்கு வராது.

படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீ பாளையங்கோட்டையிலிருந்து ஜெர்மனியின் ரூர் பகுதிக்கு வந்து, ஓர் உருக்கு ஆலையின் சோதனைக்கூடத்தில் இன்ஜினீயராக இருந்தவன். பிறகு என்னை வரவழைத்தாய். நான் அதே ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

உனக்கு ஒரு பழக்கம் உண்டு. மனுஷரைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். நம் ஊர் ஜங்ஷன் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், அடுத்த ஸ்டாப்பில் யார் இறங்குவார் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து அவர் சீட் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துவாய். பையை மடிக்கு இழுக்கிறார் பார், காலால் செருப்பைத் தேடுகிறார் பார் என்று காதில் காரணமும் சொல்வாய். உன்னோடு போனபோது நான் நின்றுகொண்டே போனதாக ஞாபகம் இல்லை. அந்தக் கண்தான் இங்கே வந்து ஆகாத வேலைக்குப் போனது.

ஆலையில் உன் மேலதிகாரி, சம்பளத்துக்கு ஆடுகிற ஊர்க் கால்பந்துக் கிளப்பின் நிர்வாகத்திலும் இருந்தார். ஒரு நாள் கேலரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரணி அடுத்து என்ன செய்யும் என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தாய். சொன்னது சொன்னபடி நடந்தது. கொஞ்ச நாளில் கோச் உன்னைக் கூப்பிட்டு, எதிரணியின் கோச்சும் உதவியாளர்களும் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நீ பந்தைப் பார்க்க வேண்டாம், பெஞ்சைப் பார்த்தால் போதும். இடைவேளையில் வந்து கண்டதைச் சொல்ல வேண்டும்.

கோச்சுகள் கோட்டுக்கு வெளியிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் எல்லோரும் ரகசியமாகச் சைகை வைத்திருந்தார்கள். தொப்பியைக் கழற்றினால் ஒன்று, சிகரெட்டைக் கை மாற்றினால் இன்னொன்று. வீட்டுக்கு வந்து அதையெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிப்பாய். நான்தான் சண்டை பிடித்தேன்.

"இது திருட்டு இல்லையா அண்ணே?"

"ஏட்டி, ஆயிரம் பேர் முன்னால காட்டுதான். அதப் பாக்கது எப்படித் திருட்டாவும்?"

"அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து கிடந்தா நின்னு பாப்பியா?"

"சொல்லக் கூடாதத அவன் திருட்டுத்தனமாச் சொல்லுதான். நான் பாக்கேன். ஆட்டத்துல இதெல்லாம் உள்ளதுதான்."

விதிப் புத்தகத்தில் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி காட்டு என்றாய். அப்படி ஒரு வரி இல்லை என்பது உண்மைதான். எனக்குப் பதில் தெரியாததால் நீ செய்தது சரி என்று ஆகிவிடுமா?

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பக்கத்துச் சுரங்க ஊரின் அணி ஆட வந்திருந்தது. வெர்னர் அவர்களுடைய ரைட் பேக், வலது ஓரத்தைக் காப்பவர். அவர் ஒரு காலுறையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். உடனே கோட்டுக்கு வெளியே, அணிக்கு மசாஜ் செய்கிற ஹோர்ஸ்ட் தன் துண்டை இடது தோளுக்கு மாற்றினார். துண்டு மாறியதும் நடுவில் ஆடிய ஒருவர் வலப்பக்கம் நகர்ந்தார். முதல் பாதியிலேயே நீ இதைப் பிடித்துவிட்டாய். ஏதோ திட்டம், அதனால் நடு இடம் காலியாகிறது என்று நினைத்தாய். இடைவேளையில் போய் அப்படியே சொன்னாய்.

கோச் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "முதலில் யார் அசைகிறார்?" ரைட் பேக்தான், காலுறையை இறக்குகிறார் என்றாய். அவர் உன் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அது திட்டம் இல்லை அண்ணே, வலி. வெர்னருக்கு முழங்காலில் பழைய காயம். அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்ற முடியாது. முடியாதவன் நொண்டிக்கொண்டாவது நிற்க வேண்டும். முழங்கால் பூட்டிக்கொள்ளும்போது எதிரிக்குத் தெரியாமல் துணைக்கு ஓர் ஆள் வருவதற்காக அவரும் ஹோர்ஸ்டும் செய்துகொண்ட ஏற்பாடு அது. உனக்கு அது புரியவில்லை. தானும் ஆடியவர் என்பதால் கோச்சுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் மறுபடி காலுறை இறங்கியது. துண்டு மாறுவதற்கு முன்பே உங்கள் ஆள் ஒருவன் பந்தை விட்டுவிட்டு வெர்னரின் காலை நோக்கி ஓடினான். அந்த நொடியில்தான் உனக்கு விளங்கியது. எழுந்து நின்று தமிழில் கத்தினேன் என்று என்னிடம் சொன்னாய். அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்டிருக்கும்? ரெஃப்ரி ஃபவுல் கொடுத்தார். விதிப்படி அவ்வளவுதான்.

வெர்னரை எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள், அதுவும் என் வார்டுக்கு. முழங்கால் கிடந்த கோலத்தைப் பார்த்ததுமே இவர் இனி ஓடமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் ஹோர்ஸ்ட் பூவோடு பார்க்க வந்தார். வெர்னர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம் ஆட்களில் மற்றவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். காலுறை உனக்கும் எனக்கும் தெரிந்தது. அவர்களிடம் யார் சொன்னது?"

ஹோர்ஸ்ட் பூவைக் கட்டிலோரத்து மேசைமேல் வைத்தார். நான் அவரை வெளியே கூட்டிவந்தேன். தாழ்வாரத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சிஸ்டர், வீக்கம் வடிகிறதா?"

அன்று உன்னிடம் வந்து இதைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாய். கண்ணால் எடுத்ததற்குத் தடயம் கிடையாது. பறிகொடுத்தவர்கள் அதனால்தான் தங்களுக்குள்ளேயே ஆளைத் தேடுகிறார்கள். நம் இரண்டு பேருக்குமே இது முன்பு தோன்றவில்லை. அவர்கள் கிளப் ஹோர்ஸ்டை வெளியே அனுப்பியது. வேறு எந்தக் கிளப்பும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சின்ன ஊர்தானே, பீர்க் கடையில் அவர் மேசையில் உட்காரக்கூட ஆள் இல்லாமல் போனது. இப்போது டிராம் டிப்போவில் வண்டி கழுவுகிறார்.

நீ சும்மா இருந்துவிடவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். கோச்சிடம் போய்க் கேட்டாய். எந்த விதியை மீறினோம், காட்டு என்றார். லீக் அலுவலகத்துக்குப் போனாய். அங்கே இருந்தவர் உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். பார்ப்பது குற்றமில்லை, துண்டு காட்டியதுதான் குற்றம், நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்த அணிக்குத்தான் தண்டனை வரும் என்றார். காலை உடைத்தவர்கள் விதிப்படி சுத்தம், உடைபட்டவர்கள் விதிப்படி குற்றவாளி. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய்.

அதற்குப் பிறகு நீ மைதானப் பக்கமே போகவில்லை. ஆனால் வெர்னரிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம் இல்லையா? "சொல்லணும் எஸ்தர், நானேதான் சொல்லணும்" என்பாய். நீ சொல்ல வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டேன். அது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. டிராம் கடைசி நிறுத்தத்தில் வெர்னர் ஒரு பெட்டிக்கடை போட்டார். நீ அதுவரை போய், ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிக்கொண்டு, வேறொன்றும் பேசாமல் திரும்பி வந்திருக்கிறாய். சிகரெட்டைத் தொடாதவன் நீ. உன் அலமாரியைக் காலி செய்தபோது அந்தப் பாக்கெட்டுகள் பிரிக்கப்படாமல் அடுக்கடுக்காக இருந்தன. எத்தனை தடவை போனாய் அண்ணே? போன குளிர்காலத்தில் உறைபனியில் கார் வழுக்காமல் இருந்திருந்தால் என்றைக்காவது சொல்லியிருப்பாயா?

கோடையில் நான் போனேன். வெர்னருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கேட்டார்.

"ஹோர்ஸ்ட் உங்களை அனுப்பினானா?"

"இல்லை. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

"செத்துப்போன ஆளின் தலையில் போட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நல்ல யோசனைதான்."

"அவர் என் கூடப்பிறந்தவர். அவர் பெயரை நானே கெடுப்பேனா?"

"எதிர்ப்பக்கக் கேலரியிலிருந்து, வெறும் கண்ணால், ஒரே பாதியில்? என்னோடு ஆடியவர்களுக்கே அது தெரியாது. என் முன்னால் யாராவது அப்படிச் செய்து காட்டட்டும். அன்றைக்கு நானே ஹோர்ஸ்ட் வீட்டுப் படி ஏறுகிறேன். அதுவரை என்னைக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். நான் சொன்னதை நம்பிவிட்டால், இத்தனை வருஷம் ஒரு சிநேகிதனுக்குத் தான் செய்ததை அவர் என்ன செய்வார்? நம்பாமல் இருப்பதுதான் அவருக்குத் தாங்கக்கூடியது. நீ இருந்திருந்தால் ஒரே மத்தியானத்தில் காட்டி முடித்திருப்பாய். இப்போது உண்மை என் கையில் இருந்தும் செல்லாமல் கிடக்கிறது.

"நான் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைதானத்துக்குப் போகிறேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்தவள் நான். வெர்னர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வருகிறார். என் பக்கத்தில் உட்காருவதில்லை, பின்வரிசையில் உட்காருகிறார். வலி வந்த மனுஷன் எங்கே கை வைப்பான் என்று எனக்குத் தெரியும், அது என் தொழில். திட்டம் வைத்திருப்பவன் எங்கே கை வைப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை ஒரு கோச் காலரைத் தொட்டதும், இடப்பக்கம் வருவார்கள் பாருங்கள் என்றேன். வலப்பக்கம் வந்து கோல் போட்டார்கள். வெர்னர் எழுந்து போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வந்தார். போன வாரம் ஒன்று சரியாக வந்தது. குருட்டாம்போக்கு என்றார். இருக்கலாம்.

ஹோர்ஸ்டை எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். எதற்காக வந்தார் என்று எழுதமாட்டேன். கண்ணால் பார்த்ததையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் வேலையில் விதி இருக்கிறது. இதை முடிக்க எனக்கு நிறைய அவகாசம் இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்.

உன்னைப் பெற்ற வயிற்றில்தான் நானும் பிறந்தேன். எனக்கும் பார்க்க வரும். வந்த அன்றே வெர்னரைக் கூட்டிக்கொண்டு ஹோர்ஸ்டின் வாசலில் போய் நிற்பேன். இவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, என் அண்ணன்தான் திருடினான் என்று அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன். பார்த்தான் என்று சொல்லமாட்டேன், திருடினான் என்றுதான் சொல்வேன். ஒரு பழி உன் பெயர்மேல் ஏறினால்தான் அவர் பெயரிலிருந்து இன்னொன்று இறங்கும். இது நான் உனக்குத் தரும் வாக்கு. என்மேல் கோபப்படாதே அண்ணே.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
எஸ்தர்