நான்காம் அட்டவணையில் ஒரு பெயர்

லண்டன்
06.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வாட்சப்பில் எதைக் கேட்டாலும் "ஓம்", "சரி" என்று நிறுத்திவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த நீண்ட மின்னஞ்சல். நீங்கள் வேலை செய்யும் கந்தோரில் அச்செடுத்து ஆறுதலாக வாசியுங்கள்.

கடைசி வருடம் தொடங்கிவிட்டது. ஆய்வுக்கு எங்கள் ஊரையே எடுத்திருக்கிறேன். வீட்டில் அடிவாங்கும் யாழ்ப்பாணப் பெண்கள் ஏன் பொலிசுக்குப் போவதில்லை என்பதுதான் கேள்வி. தலைப்பு நல்லது, சான்றுகள் எங்கே என்கிறார் மேற்பார்வையாளர். மூன்று கிழமையாக நூலகத் தரவுத்தளங்களைக் கிண்டுகிறேன். லண்டன் பொலிசைப் பற்றி ஆயிரம் கட்டுரை. எங்களைப் பற்றிக் கிடைத்தது கொழும்பு நிறுவனமொன்றின் அறிக்கை மட்டும். 2011இல் ஐந்து பொலிஸ் நிலையங்களுக்கு வந்த குடும்ப முறைப்பாடுகள் நூற்றிருபது. அவற்றில் தொண்ணூற்றேழு 'சமாதானமாக முடிந்தவை' என்கிறது அதன் நான்காம் அட்டவணை. எங்கள் பெண்கள் போகத் தயங்குகிறார்கள், போனாலும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள் என்று முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் போனால், நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இதைப் பற்றி ஆய்வேடு ஏதும் உண்டா என்று பாருங்கள்.

நான் பொலிஸ் படிப்புப் படிப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். இங்கே அப்பாவுக்கோ ஒரே புழுகம், பெருமை தாங்கவில்லை. ஞாயிறு தோறும் மீனைப் பொரித்துவிட்டு, "இன்ஸ்பெக்டர், கீழை இறங்கி வாங்கோ" என்று மேல் அறைக்குக் கேட்கக் கூப்பிடுகிறார்.

அன்பு மகள்,
ஆரபி

அளவெட்டி
27.10.2024

அன்பு மகள் ஆரபிக்கு,

நான் சுகம். தண்ணீர்ப் பம்பி பழுதாகி நேற்றுத்தான் சரிவந்தது.

நூலகத்துக்குப் போனேன். மூன்று ஆய்வேடுகள் இருந்தன. மூன்றாவது இரண்டாவதைச் சான்று காட்டுகிறது. இரண்டாவது முதலாவதை. முதலாவது உன் கொழும்பு அறிக்கையை. அந்த அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் 'மூலம்: பொலிஸ் பதிவேடுகள்' என்று இருக்கிறது. ஆக, நாலு பேர் சொல்வது போலத் தெரிந்தாலும் சொன்னவர் ஒருவர்தான், முறைப்பாட்டை எழுதிய மேசைக்காரர்.

அட்டவணைகள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும். போன வருடம் எங்கள் கந்தோரில் ஆடு வளர்ப்போர் தொகையை அன்றைக்கே அனுப்பச் சொன்னார்கள். முந்தின வருடத் தொகையோடு பதினொன்றைக் கூட்டி அனுப்பினோம். அந்தப் பதினொரு பேரும் இப்போது வழவழப்பான தாளில் ஆடு வளர்க்கிறார்கள்.

'விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தொண்ணூற்றேழு பேரில் ஒருத்தியையாவது யாரும் கேட்டார்களா? அந்த வரியை வெட்டு.

அன்புடன்,
அம்மா

லண்டன்
03.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நூலகம் வரை அலைந்ததற்கு நன்றி. நீங்கள் எழுதியதை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அச்சில் வந்த அறிக்கையை மறுக்க இன்னோர் ஆவணம் வேண்டும், அம்மாவின் சந்தேகம் சான்றாகாது என்றார்.

அப்பாவிடமும் சொன்னேன். "கொம்மா பொலிஸ் ஸ்டேசனைக் கண்டால் றோட்டின்ரை மற்றப் பக்கத்தாலை போற ஆள். உவவுக்கென்ன தெரியும்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், குறைநினைக்காதீர்கள். ஆனால் உண்மைதானே அம்மா? நீங்கள் ஒரு நாளும் பொலிசுக்குப் போனதில்லை. அந்த வரி இருக்கட்டும்.

அன்பு மகள்,
ஆரபி

அளவெட்டி
24.11.2024

ஆரபிக்கு,

போயிருக்கிறேன்.

2011 மார்ச் 14, திங்கட்கிழமை. உனக்கு ஏழு வயது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அப்போது நாம் வாடகைக்கு இருந்த ஊரின் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். உன் அறிக்கையின் ஐந்து நிலையங்களில் அதுவும் ஒன்று. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. குசினிக் கதவு அடித்தது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அடித்தது உன் அப்பா. அதுவே முதல் தடவையும் அல்ல.

நான் தமிழில் சொல்ல, ஓர் இளம் பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார். உன் அப்பாவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"சைன் பண்ணுங்க அம்மா."

"என்ன எழுதியிருக்கிறியள்? வாசிச்சுக் காட்டுங்கோ."

"குடும்பச் சண்டை. அவருக்குப் புத்தி சொல்லியாச்சு. சமாதானம்."

"ஆர் சமாதானம்? நான் சமாதானமாகேல்லை."

பக்கத்து மேசைப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரோ?"

"இல்லை."

"படிச்ச பொம்பிளையள் வந்தால் உதுதான் கரைச்சல்."

உன் அப்பா வாசலில் நின்று அவர்களோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தார். நான் பேனையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வருடம் அவர் லண்டனுக்குப் போனார். நான் கூடப் போக மறுத்தேன். அது மட்டும்தான் உனக்குத் தெரியும்.

உனக்கொரு தகப்பன் வேண்டும் என்று, படிக்க உன்னை அவரிடம் அனுப்பியபோதும் பேசாமல் இருந்தேன். இப்போதும் வேண்டும். அதற்காக, நான் போகவில்லை என்றும், போய் விட்டுக்கொடுத்தேன் என்றும் என் பிள்ளையே எழுத விடமாட்டேன்.

ஆவணம் கேட்டாய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேட்டு வெள்ளிக்கிழமை மனுக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா

லண்டன்
12.01.2025

அம்மா,

ஏழு கிழமை எழுதவில்லை. எழுத வரவில்லை.

அப்பாவைக் கேட்டேன். "ஒருக்கால் கை பட்டது. அதுக்கு இப்ப என்ன?" என்றார். பிறகு நாங்கள் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறோம்.

பிரதி கிடைத்தால் பெயரை மறைத்து 'முறைப்பாட்டாளர் 1' என்று போடலாம். அதுதான் வழக்கம். அப்பா பக்கத்து மாமிமாரும் வாசிப்பார்கள். நான் இந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்?

ஆரபி

அளவெட்டி
16.03.2025

அன்பு மகள் ஆரபிக்கு,

பிரதி வந்துவிட்டது. "பழைய புத்தகம், தேட ஏலாது" என்றார்கள். மேன்முறையீடு செய்தேன். தேட ஏலுமாகிவிட்டது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அடைக்கலநாதன் தமிழில் தந்ததையும் சேர்த்து அனுப்புகிறேன்.

என் முறைப்பாடு ஏழு வரி. எட்டாவது வரி, 'இரு தரப்பினரும் சமாதானமாகச் சென்றனர்.' அதன் கீழே அதே கையெழுத்தில் ஒன்பதாவது வரி, 'முறைப்பாட்டாளர் கையெழுத்திட மறுத்தார்.' அட்டவணை போட்டவர்கள் எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள்.

என் பெயரை மறைக்க நான் சம்மதிக்கவில்லை. பெயரோடு போடு, அல்லது போடாமல் விடு. வெட்கப்பட வேண்டியவள் நான் அல்ல. அறிக்கை எழுதிய நிறுவனத்துக்கும் பிரதியை இணைத்து, அட்டவணையைத் திருத்தும்படி என் பெயரில் பதிவுத்தபால் அனுப்பிவிட்டேன். நீ எதைச் செய்தாலும் அது நிற்காது.

அந்த வீட்டில் இருக்க உனக்குக் கஷ்டம் என்றால் விடுதியைப் பார். மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா

லண்டன்
30.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மேற்பார்வையாளர் ஒன்பதாவது வரியை இரண்டு தரம் வாசித்தார். "மற்றத் தொண்ணூற்றாறு பக்கங்களிலும் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அதுதான் இனி என் ஆய்வு என்றேன். முதல் அத்தியாயம் முழுவதையும் அழித்துவிட்டேன். ஐந்து நிலையங்களுக்கும் மனு எழுதுகிறேன். படிவத்தை எப்படி நிரப்பினீர்கள் என்று படம் எடுத்து அனுப்புங்கள்.

விடுதிக்குப் போகவில்லை. உங்கள் பக்கத்தை அச்செடுத்து அப்பாவின் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். வாசித்தார். "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றார்.

"சான்று காட்டுறன் அப்பா."

எழுந்து போய்விட்டார். நான் இருந்து சாப்பிட்டு முடித்தேன்.

பிரதியில் உங்கள் பெயர் அப்பாவின் பெயரோடு 'கோகுலன் சுபாஜினி' என்று இருக்கிறது. அடிக்குறிப்பில் எந்தப் பெயரைப் போட?

அன்பு மகள்,
ஆரபி

அளவெட்டி
31.03.2025

அன்பு மகளுக்கு,

படிவத்தின் படம் இணைப்பில். 'காரணம்' என்ற இடம் இருந்தால் வெறுமையாக விடு. காரணம் சொல்லச் சட்டம் கேட்கவில்லை.

ஆவணத்தில் உள்ள பெயரை மாற்றாதே. அது சான்று, பிழையோடு அப்படியே நிற்கட்டும். நன்றி சொல்லும் பக்கம் என்று ஒன்று இருந்தால், அங்கே கீழே உள்ளபடி, என் தகப்பனின் பெயரோடு போடு.

நமசிவாயம் சுபாஜினி